மணியடித்த பிறகு வகுப்புக்குப் போனவர்

மாற்றுச் சான்றிதழை எடுத்து வைத்துக்கொண்டு ஒருதடவை நிதானமாகப் படித்துப் பாருங்கள் தோழர்களே. பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி, சேர்ந்த நாள், விலகிய நாள் எல்லாம் இருக்கும். ஒரு வரியில் சாதி இருக்கும். கொஞ்சம் கீழே 'மாணவரின் ஒழுக்கமும் பண்பும்' என்று இன்னொரு வரி. அதற்கு நேராக 'நன்று' என்று ஒரே ஒரு சொல். சாதியும் ஒழுக்கமும் ஒரே தாளில் மேலும் கீழுமாக உட்கார்ந்திருப்பது தற்செயலாகவே இருக்கட்டும். நம் வளவுகளிலிருந்து படிக்கப் போனவர்களுக்கு இந்த இரண்டு வரியும் ஒரே வரியாகத்தான் இருந்து வந்திருக்கிறது.

முதலாமாண்டு தொடங்கும்போது கல்லூரிகளில் அறிவுரைக் கூட்டம் நடத்துகிறார்கள். பெற்றோரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, ராகிங் பண்ணாதே, செல்போன் கொண்டுவராதே, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டு, ஆணும் பெண்ணும் நின்று பேசாதே என்று பட்டியல் வாசிக்கிறார்கள். ஆனால் நம் வீடுகளில் அதற்கு முந்தைய ராத்திரியே வேறொரு அறிவுரைக் கூட்டம் நடந்து முடிந்திருக்கும். "கண்ணு, போனமா வந்தமான்னு இருக்கோணும். ஆருகிட்டயும் வம்புதும்பு வேண்டாம். எந்த ஊருன்னு கேட்டா பஸ் நிக்கற எடத்தைச் சொல்லு, வளவைச் சொல்லாதே. அந்தப் புள்ளைங்ககூட நின்னு பேசாதே சாமி."

இந்த விதிகள் எந்தக் கல்லூரியின் கையேட்டிலும் அச்சானதில்லை. ஆனாலும் இவற்றுக்கு ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு வயதாகிறது. இவற்றை எழுதியது யார், இவற்றால் பாதுகாக்கப்பட்டது யார் என்று கேட்டுப் பார்ப்பதே இக்கட்டுரை.

கோயம்புத்தூர்க் கலாசாலையில் ஒருவர்

இரட்டைமலை சீனிவாசனை நமக்கு வட்டமேசை மாநாட்டுப் புகைப்படங்களில் தெரியும். 1930இல் அம்பேத்கரோடு ஒடுக்கப்பட்ட மக்களின் பிரதிநிதியாக லண்டன் மாநாட்டில் உட்கார்ந்தவர். 1893இல் 'பறையன்' என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கியவர். அவர் கோயம்புத்தூரில் படித்தவர் என்பது இதே ஊரில் படிக்கிற நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. செங்கல்பட்டுப் பக்கம் கோழியாளம் கிராமத்தில் 1860இல் பிறந்தார். குடும்பம் தஞ்சாவூருக்குப் போய், பிறகு கோயம்புத்தூருக்கு வந்தது.

1939இல் அவர் வெளியிட்ட 'ஜீவிய சரித்திர சுருக்கம்' ஒரு சின்னப் புத்தகம். தமிழில் ஒரு தலித் தன் வாழ்க்கையைத் தானே எழுதியவற்றில் முன்னோடியானது. கோயம்புத்தூர்ப் படிப்பைப் பற்றி அதில் சில வரிகள்தான் இருக்கின்றன. கலாசாலையில் சுமார் 400 பேர் படித்தார்களாம். பத்துப் பேர் போக மீதி எல்லாரும் பிராமணப் பிள்ளைகள். சாதி ஆசாரம் கடுமையாகப் பார்க்கப்பட்ட இடம். சிநேகம் வைத்துக்கொண்டால் சாதி என்ன, குடும்பம் எது, குடியிருப்பது எங்கே என்று தெரிந்துபோகும்; தெரிந்தால் தாழ்வாக நடத்துவார்கள் என்று பயந்திருக்கிறார். அதனால் பள்ளிக்கு வெளியே எங்கேயாவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவார். வகுப்பு கலைந்ததும் மற்ற மாணவர்கள் எட்டிப் பிடிக்க முடியாதபடி வேகமாக நடந்து வீடு போய்ச் சேர்ந்துவிடுவார். சேர்ந்து விளையாட முடியவில்லையே என்று மனம் கலங்கியதையும் எழுதியிருக்கிறார்.

கோயம்புத்தூர் மண்ணில் ஒரு தலித் மாணவர் தனக்குத் தானே எழுதிக்கொண்ட பாதுகாப்பு விதிகள் என்று நமக்குக் கிடைக்கிற முதல் பதிவு இதுதான். மணிக்கு முன்னால் உள்ளே போகாதே. வராந்தாவில் நிற்காதே. சிநேகம் பண்ணாதே. வேகமாக வீட்டுக்குப் போ. இந்த நான்கையும் கலாசாலை நிர்வாகம் போடவில்லை. நிர்வாகத்தைப் பொறுத்தவரை அவர் நேரத்துக்கு வந்து நேரத்துக்குப் போகிற, யாரோடும் வம்புக்குப் போகாத, ஒழுக்கமான மாணவர். 'ஒழுக்கமும் பண்பும்: நன்று' என்று எழுத அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டார். அந்த நன்னடத்தை பயத்தால் செய்யப்பட்டது என்பது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

அவர் பயந்தது எதைக் கண்டு என்பதைக் கவனியுங்கள். அந்த வரிகளில் அடி உதை இல்லை. அவர் பயந்தது சிநேகத்துக்கு. நட்பு என்றால் கேள்வி வரும், கேள்வி வந்தால் ஊர் தெரியும், ஊர் தெரிந்தால் சாதி தெரியும். ஒரு கல்லூரியில் வகுப்பறைக்கு வெளியேதான் பாதிப் படிப்பு நடக்கிறது. மணி அடிப்பதற்கு முந்தின கால் மணி நேரம், மரத்தடி, நோட்டுப் புத்தகம் மாற்றிக்கொள்வது, எந்தப் பரீட்சை எழுதலாம், எந்த வேலைக்கு மனுப் போடலாம் என்று காதில் விழுகிற செய்தி எல்லாம் சிநேகிதர்கள் வழியாக வருவது. சாதி அவரிடமிருந்து பறித்தது இந்தப் பாதியை.

அப்படி ஒளிந்து படித்தவர்தான் பிற்பாடு ஒளித்த பெயரையே பத்திரிகையின் நெற்றியில் அச்சடித்தார். வேகமாக நடந்து தப்பித்தவர்தான் 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில், பொதுச் சாலையிலும் பொதுக் கிணற்றிலும் பொது இடங்களிலும் எந்தச் சாதியாருக்கும் தடை இருக்கக் கூடாது என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தார். தெருவில் யார் கண்ணிலும் படாமல் விரைந்து போன மாணவர், அந்தத் தெருவையே சட்டத்தின் பெயரால் திறந்துவிட்டார். நம் முன்னோர் பயந்தார்கள் என்று மட்டும் எழுதுவது பாதி வரலாறு.

தோட்டத்து ஒழுக்கம் கல்லூரிக்குள் வந்தது

சீனிவாசன் படித்த காலத்தில் கொங்கு நாட்டுத் தலித்துகளில் மிகப் பெரும்பாலோர் பள்ளிக்கூட வாசலையே பார்த்ததில்லை. அருந்ததியர் தோட்டங்காடுகளில் பண்ணயத்துக்கு இருந்தார்கள். கவலை இறைக்கத் தோல் பறி தைத்தார்கள், செருப்புத் தைத்தார்கள், மாடு மேய்த்தார்கள், நகரத்தில் மலம் அள்ளினார்கள். அங்கேயும் நன்னடத்தை விதிகள் இருந்தன. பண்ணாடி எதிரே வந்தால் துண்டு இடுப்புக்கு இறங்க வேண்டும். ஊர்த்தெருவில் செருப்புக் கையில் இருக்க வேண்டும். சைக்கிளை உருட்டிக்கொண்டு போக வேண்டும். டீக்கடையில் கொட்டாங்கச்சி, பிறகு தனி டம்ளர். இதையெல்லாம் மீறாதவனுக்கு 'அடக்கமான பையன்' என்று பெயர். மீறியவனுக்கு 'திமிரு புடிச்சவன்' என்று பெயர். ஒழுக்கம் என்ற சொல்லுக்குக் கொங்கு நாட்டு வயலில் அர்த்தம் இதுதான்.

வயலிலிருந்து வகுப்பறைக்கு வந்த பாதை நீளமானது. வைசிராயின் நிர்வாகக் குழுவில் அம்பேத்கர் இருந்தபோது, 1944இல் பட்டியல் சாதி மாணவர்கள் மேல்படிப்புப் படிப்பதற்கான உதவித்தொகைத் திட்டம் தொடங்கியது. சுதந்திரத்துக்குப் பிறகு விடுதிகள் வந்தன, இடஒதுக்கீடு வந்தது. கோயம்புத்தூரில் அரசுக் கலைக்கல்லூரி, வேளாண்மைக் கல்லூரி என்று முன்பே இருந்தவற்றோடு தனியார் அறக்கட்டளைக் கல்லூரிகள் சேர்ந்தன. 1982இல் பாரதியார் பல்கலைக்கழகம் வந்தது. 1984க்குப் பிறகு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் கிளம்பி, கோயம்புத்தூர், பொள்ளாச்சி, ஈரோடு, திருச்செங்கோடு, நாமக்கல், சேலம் என்று தார்ச்சாலை நெடுகிலும் வரிசையாக நின்றன. 2009இல் பட்டியல் சாதியினரின் 18 சதவீதத்துக்குள் அருந்ததியருக்கு 3 சதவீத உள்ஒதுக்கீடு சட்டமானது. அதை உச்சநீதிமன்றம் 2024 ஆகஸ்ட் 1இல் செல்லும் என்று சொன்னது. கவலை ஓட்டிய கைகளின் பேரப்பிள்ளைகள் மெக்கானிக்கலும் சிவிலும் படிக்க உட்கார்ந்தார்கள்.

இந்தத் தனியார் கல்லூரிகளைக் கட்டியவர்களில் பலர் நிலம், நூற்பாலை, லாரி, கோழிப்பண்ணை என்று வளர்ந்த குடும்பத்தினர். தோட்டத்தில் பண்ணாடியாக இருந்த உறவின் சாயல் கல்லூரித் தாளாளர் நாற்காலியிலும் இருந்தது. பல கல்லூரிகளில் ஆணும் பெண்ணும் பேசக்கூடாது என்பது எழுதப்படாத சட்டம். சில இடங்களில் எழுதப்பட்ட சட்டமே. பஸ்ஸில் முன்பக்கம் பின்பக்கம், தனித்தனிப் படிக்கட்டு, கேண்டீனில் தனித்தனி வரிசை. பேசினால் அபராதம், பெற்றோருக்கு போன். இதை நிர்வாகங்கள் 'பெண் பிள்ளைகளின் பாதுகாப்பு' என்று விளம்பரமும் செய்கின்றன. பெற்றோரும் அதை நம்பித்தான் பணம் கட்டுகிறார்கள். எந்தப் பெண் எந்தப் பையனோடு பேசிவிடக் கூடாது என்ற பயம் இதற்குள் இருக்கிறது என்பதைச் சாதி தெரிந்த எவரும் சொல்லிவிடுவார்கள்.

இன்னொரு பக்கம், சீனிவாசன் ஒளித்து வைத்ததை இன்றைக்கு அலுவலகமே கூப்பிட்டுச் சொல்கிறது. "எஸ்.சி. ஸ்காலர்ஷிப் பசங்க எல்லாம் எந்திரிங்க" என்று வகுப்பு நடுவில் வந்து சொல்வதைக் கேட்காமல் படித்து முடித்தவர் நம்மில் எத்தனை பேர்? எழுந்து நின்ற அந்த அரை நிமிஷத்தில் பக்கத்துப் பெஞ்சுக்காரன் பார்வை மாறியதைச் சொல்லாத தலித் மாணவர் இல்லை. நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் தமிழக அரசுக்குக் கொடுத்த அறிக்கை, பள்ளி மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டிவருவதைத் தடுக்கச் சொன்னது. வகுப்பில் மாணவரின் சாதியை வெளிப்படையாகச் சொல்வதும் கூடாது என்றது. கயிறு கட்டுகிறவன் தன் சாதியைக் காட்டிப் பெருமைப்படுகிறான். நம் பிள்ளையின் சாதியை வேறொருவர் வாய்விட்டுச் சொல்லிக் கூச வைக்கிறார். இரண்டும் நடப்பது ஒரே வகுப்பறையில்.

பேசியதற்காக

2012 நவம்பரில் தருமபுரி நத்தம் காலனி எரிந்த பிறகு, தலித் இளைஞர்கள் ஜீன்ஸும் டீசர்ட்டும் கூலிங்கிளாஸும் போட்டுக்கொண்டு மற்ற சாதிப் பெண்களை மயக்குகிறார்கள் என்று பா.ம.க. நிறுவனர் ராமதாஸ் பேசினார். 'நாடகக் காதல்' என்ற சொல் மேடைமேடையாகப் புழங்கியது. கொங்குப் பகுதிச் சாதிச் சங்கங்களும் அதையே பிடித்துக்கொண்டன. கவனியுங்கள், குற்றச்சாட்டு உடையைப் பற்றியது. துண்டு இடுப்புக்கு இறங்காததைப் பற்றிய பழைய கோபம்தான் கூலிங்கிளாஸைப் பற்றிய புதிய கோபமாக வந்தது.

2015 ஜூன் 23. சேலம் மாவட்டம் ஓமலூரைச் சேர்ந்த கோகுல்ராஜ், பொறியியல் முடித்தவர், தன்னோடு படித்த தோழியைப் பார்த்துத் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில் பேசிக்கொண்டிருந்தார். ஒரு கும்பல் வந்து விசாரித்தது. தோழியை அனுப்பிவிட்டு அவரைக் கூட்டிக்கொண்டு போனது. மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் ரயில் தண்டவாளத்தில் தலை வேறு உடல் வேறாகக் கிடைத்தார். தற்கொலை என்று தோன்ற வைக்கும் ஏற்பாடுகளும் நடந்திருந்தன. வழக்கை விசாரித்த டி.எஸ்.பி. விஷ்ணுபிரியா அதே ஆண்டு செப்டம்பர் 18இல் திருச்செங்கோட்டில் தன் குடியிருப்பில் இறந்து கிடந்தார். தீரன் சின்னமலைக் கவுண்டர் பேரவைத் தலைவர் யுவராஜ் உட்படப் பத்துப் பேருக்கு மதுரைச் சிறப்பு நீதிமன்றம் 2022 மார்ச் 8இல் ஆயுள் தண்டனை விதித்தது. 2023 ஜூன் 2இல் சென்னை உயர்நீதிமன்றம் யுவராஜின் தண்டனையை உறுதி செய்தது. தோழி நீதிமன்றத்தில் பிறழ்சாட்சியானார். கோயிலின் கண்காணிப்புக் கேமரா பிறழவில்லை.

சீனிவாசனின் விதிகளை இந்த இடத்தில் மறுபடி படித்துப் பாருங்கள். சிநேகம் பண்ணாதே. வேகமாக வீட்டுக்குப் போ. கோகுல்ராஜ் இந்த இரண்டையும் கடைப்பிடிக்கவில்லை. கூடப் படித்த ஒருவரோடு, பகலில், பொதுக் கோயிலில், உட்கார்ந்து பேசினார். உலகத்தில் எந்தப் பல்கலைக்கழகமும் இதை ஒழுக்கக்கேடு என்று எழுதாது. சீனிவாசனுக்குச் சிநேகத்தின் விலை அவமானமாக இருந்தது. 140 வருஷம் கழித்து, எழுத்தறிவும் இடஒதுக்கீடும் அரசியல் சட்டமும் வந்த பிறகு, அதன் விலை உயிராகிவிட்டது. ஒளிந்து படித்தவரைச் சாதி சும்மா விட்டது. ஒளியாமல் படித்தவரைத்தான் தேடி வந்தது.

2016 மார்ச் 13. உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே, பட்டப்பகலில், நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். கூட இருந்த மனைவி கௌசல்யாவுக்கும் வெட்டு. சங்கர் குமரலிங்கத்தைச் சேர்ந்த தலித் இளைஞர், பொள்ளாச்சியில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் படித்தவர். இருவரும் கல்லூரியில் பழகி, 2015 ஜூலையில் திருமணம் செய்துகொண்டவர்கள். 2017 டிசம்பர் 12இல் திருப்பூர் நீதிமன்றம் கௌசல்யாவின் தகப்பனார் உட்பட ஆறு பேருக்குத் தூக்கு விதித்தது. 2020 ஜூன் 22இல் உயர்நீதிமன்றம் தகப்பனாரை விடுவித்து, மற்ற ஐவரின் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. பெற்றவர்களுக்கு எதிராகச் சாட்சி சொன்ன கௌசல்யா பிறகு சாதி ஒழிப்பு மேடைகளில் பறையடித்துப் பேசினார்.

'படிக்க வந்தவனுக்குக் காதல் எதுக்கு?' என்று கேட்பவர்கள் நம் பக்கமும் இருக்கிறார்கள். கோகுல்ராஜ் பேசிக்கொண்டுதானே இருந்தார்? பேச்சுக்கும் காதலுக்கும் கல்யாணத்துக்கும் இடையில் கோடு கிழிக்கிற பொறுமை சாதிக்கு இல்லை. அதற்குப் பேச்சே குற்றம்.

சட்டம் யாருக்கு வேகமாக வந்தது

1996 நவம்பரில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் முதலாமாண்டு மாணவர் பொன்.நாவரசு கொல்லப்பட்டார். சென்னைப் பல்கலைக்கழக முன்னாள் துணைவேந்தரின் மகன். தமிழ்நாடு அதிர்ந்தது. 1997இல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. ராகிங் செய்தால் இரண்டு வருஷம் வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். புகாரைக் கண்டுகொள்ளாத கல்லூரித் தலைவரும் குற்றத்துக்கு உடந்தை. நல்ல சட்டம். அந்தப் பிள்ளையின் சாவுக்கு அழாதவர் மனிதர் இல்லை. ஒரு மாணவன் செத்தால் அரசு சில மாதங்களுக்குள் சட்டம் போட முடியும் என்பது அன்றைக்கு நிரூபணமானது.

அந்த வேகத்தை நம் பிள்ளைகளின் சாவுகளோடு ஒப்பிடுங்கள். தில்லி எய்ம்ஸில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் விடுதியிலும் விளையாட்டிலும் ஒதுக்கப்படுவதை 2007இல் தோரட் குழு அறிக்கையாகக் கொடுத்தது. பல்கலைக்கழக மானியக் குழு சமத்துவத்துக்கான விதிமுறைகளை 2012இல் போட்டது. ஒவ்வொரு நிறுவனத்திலும் சமவாய்ப்புப் பிரிவு வேண்டும், பாகுபாட்டைத் தடுக்க ஓர் அலுவலர் வேண்டும் என்றது. அது ஏட்டில் கிடக்கிறது என்று 2019இல் உச்சநீதிமன்றத்துக்குப் போனவர்கள் இரண்டு தாய்மார்கள், ரோகித் வெமுலாவின் அம்மாவும் பாயல் தட்வியின் அம்மாவும். 2026 ஜனவரியில் மானியக் குழு புதிய விதிமுறைகளை வெளியிட்டது. அதே மாதத்தில் உச்சநீதிமன்றம் அவற்றை நிறுத்திவைத்தது. சாதி ஆணவக் கொலைகளுக்குத் தனிச் சட்டம் கேட்டு இங்கே எத்தனை வருஷமாகக் கத்துகிறோம்? கோகுல்ராஜ் கொல்லப்பட்டுப் பத்து வருஷம் கழித்து, 2025 அக்டோபரில்தான், அதற்குப் பரிந்துரை செய்ய ஓர் ஆணையம் அமைப்பதாகத் தமிழக அரசு அறிவித்தது.

ஒழுங்கு விதி நமக்கு எதிராக எப்படிப் பாய்கிறது என்பதற்கும் சான்று இருக்கிறது. 2015 மே மாதம் சென்னை ஐ.ஐ.டி.யில் அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டத்தின் அங்கீகாரம் பறிக்கப்பட்டது. எதிர்ப்பு வலுத்த பிறகு ஜூனில் திரும்பக் கிடைத்தது. அதே ஆண்டு ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம் ரோகித் உட்பட ஐந்து தலித் மாணவர்களை ஒழுங்கு நடவடிக்கை என்று சொல்லி விடுதியிலிருந்து வெளியேற்றியது. பொது இடங்களில் சேர்ந்து நிற்கவும் தடை விதித்தது. ஊருக்கு வெளியே சேரி இருக்கிற மாதிரி, விடுதிக்கு வெளியே கூடாரம் போட்டுப் படுத்தார்கள். 2016 ஜனவரி 17இல் ரோகித் இறந்தார். சேலத்திலிருந்து ஜே.என்.யூ.வுக்கு ஆராய்ச்சி செய்யப் போன முத்துகிருஷ்ணன் 2017 மார்ச் 13இல் தில்லியில் இறந்தார். சமத்துவம் மறுக்கப்படுவதைப் பற்றி அவர் எழுதியிருந்தார். வெளியூர் போனால் தப்பித்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையும் நமக்கு இல்லாமல் போனது.

பெண் பிள்ளைகளின் பாதுகாப்பு என்று சொன்னார்களே

ஆணும் பெண்ணும் பேசாமல் இருந்தால் பெண்கள் பாதுகாப்பாக இருப்பார்கள் என்ற வாதத்தைப் பொள்ளாச்சி உடைத்துப் போட்டது. 2019 பிப்ரவரியில் ஒரு கல்லூரி மாணவி துணிந்து புகார் கொடுத்த பிறகுதான், ஒரு கும்பல் பல பெண்களை ஏமாற்றி வீடியோ எடுத்து மிரட்டி வந்தது வெளியே தெரிந்தது. புகார் கொடுத்தவரின் பெயரைக் காவல் துறையே வெளியிட்டது. ஒன்பது பேருக்குச் சாகும்வரை சிறை என்று 2025 மே 13இல் கோவை மகளிர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

அத்தனை பெண்கள் ஏன் வாயைத் திறக்கவில்லை? சொன்னால் வீட்டில் படிப்பை நிறுத்துவார்கள், 'நீ ஏன் போனாய்' என்று கேட்பார்கள், நடத்தை கெட்டவள் என்ற பெயர் வரும். மிரட்டினவனுடைய கையில் இருந்த ஆயுதம் வீடியோ மட்டும் இல்லை. 'நன்னடத்தை' என்ற சொல்லும் அவன் கையில் இருந்தது. பெண்ணைப் பேசவிடாமல் வைத்திருக்கிற ஊரில் பெண் புகாரும் பேச முடியாது. இதில் எல்லாச் சாதிப் பெண்களும் அடிபடுகிறார்கள். தலித் மாணவிக்கு இது இரட்டைப் பூட்டு. வளவிலிருந்து முதல் தலைமுறையாகப் பஸ் ஏறுகிறவளுக்கு, ஒரு சின்ன வதந்தி போதும், அடுத்த வருஷம் மில்லுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அப்படியானால் நம் பிள்ளைகளுக்கு என்ன சொல்வது

"அந்தப் புள்ளைங்ககூடப் பேசாதே சாமி" என்று சொல்கிற தாயைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பிள்ளை பொணமாக வருவதைவிடத் தனியாளாக வருவது மேல் என்று அவள் கணக்குப் போடுகிறாள். அந்தக் கணக்கு அவளுக்குத் தோட்டத்தில் கற்றுக்கொடுத்தது. ஆனால் அவள் சொல்லைக் கேட்கிற பிள்ளை சீனிவாசனைப் போல மணி அடித்த பிறகுதான் உள்ளே போக முடியும். அந்தத் தனிமையே சில பிள்ளைகளைக் கொன்றிருக்கிறது என்பதை மேலே பார்த்தோம். இரண்டு பக்கமும் சாவு நிற்கிற பாதையில் பிள்ளையை மட்டும் பார்த்து 'ஒழுங்காக நட' என்று சொல்வது நியாயமா? பாதையைச் சரிசெய்ய வேண்டியவர்கள் வேறு ஆட்கள்.

ஆகவே அறிவுரைக் கூட்டத்தில் உட்கார்கிற நம் பெற்றோர் கல்லூரியைப் பார்த்துக் கேட்க வேண்டியவை இருக்கின்றன. சமவாய்ப்புப் பிரிவு எங்கே இருக்கிறது, அதன் அலுவலர் யார்? ராகிங் தடுப்புக் குழுவில் யார் யார்? பாலியல் தொந்தரவுப் புகார்க் குழு கூடுகிறதா? உதவித்தொகை விவரத்தை வகுப்பில் கத்தாமல் தனியாகச் சொல்வீர்களா? இதெல்லாம் சலுகை இல்லை, விதிமுறை. பதில் இல்லையென்றால் அந்தக் கல்லூரியின் ஒழுக்கமும் பண்பும் எப்படி என்று நாம் எழுதிக்கொள்ளலாம்.

மாணவர்கள் கையில் வைத்துக்கொள்ள வேண்டியவையும் உண்டு. சாதியைச் சொல்லி ஒதுக்குவதும் கேலி பண்ணுவதும் ராகிங்தான் என்று மானியக் குழு 2016இல் விதியைத் திருத்தியிருக்கிறது. தேசிய ராகிங் தடுப்பு உதவி எண் 1800-180-5522. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989ஆம் ஆண்டினது, 2015இல் வலுப்படுத்தப்பட்டது. பலர் முன் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்துவதும், கல்வி நிறுவனத்தில் நுழைய விடாமல் தடுப்பதும், சமூகப் புறக்கணிப்பும் அதில் குற்றம். வழக்கை டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள். கடமை தவறும் அதிகாரி மீதும் அதே சட்டத்தில் வழி இருக்கிறது. சாதி மாறி மணம் செய்துகொண்டவர்களுக்கு மிரட்டல் வந்தால், மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவும் பாதுகாப்பு இல்லமும் வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2018 மார்ச் 27இல் சக்தி வாகினி வழக்கில் சொல்லியிருக்கிறது. அதைச் சொல்லிக் கேளுங்கள்.

வாய்ப் புகார் காற்றோடு போய்விடும். நாள், நேரம், இடம், யார் இருந்தார்கள் என்று அன்றைக்கே எழுதி வையுங்கள். புகாரை எழுத்தில் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். மிரட்டல் செய்தி வந்தால் கோபத்தில் அழித்துவிடாதீர்கள். விசாரணை என்று யார் கூப்பிட்டாலும் தனியாகப் போகாதீர்கள். மனசு கனத்தால் அறைக்குள் பூட்டிக்கொள்ளாதீர்கள், யாராவது ஒரு தோழரிடம் அன்றைக்கே சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. சாதி நம்மிடம் தடுப்பது சிநேகத்தை என்றால், நாம் வேண்டுமென்றே செய்ய வேண்டியதும் சிநேகம்தான். அம்பேத்கர் சுதந்திரம், சமத்துவம் இரண்டோடும் சகோதரத்துவத்தைச் சேர்த்தே வைத்தார். மூன்றில் ஒன்று இல்லாமல் மற்றது நிற்காது என்பது அவர் நிலைப்பாடு. விடுதியில் பத்துப் பேர் சேர்ந்து ஒரு வாசகர் வட்டம் வையுங்கள். மூத்த மாணவர்கள் முதலாமாண்டுப் பிள்ளைகளைப் பஸ் நிறுத்தத்திலேயே போய்க் கூட்டிக்கொண்டு வாருங்கள். பள்ளர், பறையர், அருந்ததியர் என்று நமக்குள்ளேயே தனித்தனி மேசை போடுகிற வழக்கத்தை விடுங்கள். மற்ற சாதியில் பிறந்து சாதியை வெறுக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களையும் விலக்காதீர்கள்.

ஒரு மாணவரின் பாதுகாப்பு கல்லூரி கேட்டுக்குள் மட்டும் இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். 2019 டிசம்பர் 2 விடிகாலையில் மேட்டுப்பாளையம் நடூரில் மழைக்குச் சுவர் இடிந்து 17 பேர் செத்தார்கள். தீண்டாமைச் சுவர் என்று மக்கள் சொன்ன சுவர் அது. செத்தவர்களில் படிக்கிற பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்கள் யாரோடும் பேசப் போகவில்லை, எந்த விதியையும் மீறவில்லை. வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

இரட்டைமலை சீனிவாசன் வெளியே உட்கார்ந்து படித்த அந்தக் கோயம்புத்தூரில் இன்று ஆயிரக்கணக்கான நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். மணி அடிப்பதற்கு முன்னாலேயே உள்ளே போங்கள். வராந்தாவில் நின்று பேசுங்கள். எந்த ஊர் என்று கேட்டால் ஊரைச் சொல்லுங்கள். பக்கத்தில் தோழர்கள் நிற்கட்டும்.